பகல் நமக்கு, இரவு அவற்றுக்கு

அரோகாஸ்
மே 12, 2001

என் தம்பி கெர்சனுக்கு,

நாங்கள் எழுந்து நடமாடுகிறோம். என் இருமல் போய்விட்டது. ஆடுகள் மெலிந்திருந்தாலும் காலூன்றி நிற்கின்றன. உன் மச்சான் ஹிஸ்கியா வழக்கம்போல் சாப்பாட்டில் குறை சொல்கிறார். ஆகவே அவரும் நலமே. நீ எப்படி இருக்கிறாய்? ஸ்வாகோப்முண்டின் கடற்பனி உன் நெஞ்சுக்கு ஆகாது. கழுத்தைச் சுற்றி ஏதாவது கட்டிக்கொள்.

நீ அனுப்பிய புகைப்படம் ஆட்டு வியாபாரியின் லாரியில் வந்து சேர்ந்தது. புது பூட்ஸ், இடுப்பில் கத்தி, பெரிய தொப்பி. ஹிஸ்கியா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரு இது, மந்திரியா? நம்ம ஆட்டைத் தொலைச்சிட்டு மூக்கை ஒழுக விட்டுக்கிட்டு வந்தானே, அவன் சாடை தெரியுதே" என்றார். சுற்றுலாக்காரர்களுக்கு வழிகாட்டி ஆகிவிட்டாய். வீட்டுக்கு வரும் வழி மட்டும் உனக்குத் தெரியவில்லை.

மழை இந்த வருடமும் ஏமாற்றிவிட்டது. ஹுவாப் ஆறு ஒரே ஒரு நாள் ஓடிவிட்டு மணலுக்குள் போய்விட்டது. ஆனிகாம்ஸ் ஊற்று மட்டும் நம்மைக் கைவிடவில்லை. காலையில் ஆடுகளை ஓட்டிப் போகிறேன், மதியத்துக்குள் திரும்பிவிடுகிறேன். யானைகள் இரவில் வந்து குடித்துவிட்டுப் போகின்றன. பகல் நமக்கு, இரவு அவற்றுக்கு என்று அப்பா சொன்னதை நாமும் மீறவில்லை, அவையும் மீறவில்லை. யானைக் கூட்டத்தின் தலைவி ஓட்டைக்காது குட்டி போட்டிருக்கிறாள். அவளுடைய பெரிய தடத்துக்குப் பக்கத்தில் டீ சாஸர் அளவுக்கு ஒரு குட்டித் தடம் பார்த்தேன். அன்று முழுவதும் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

ஊற்றுக்குப் போகும் வழியில், நம் முன்னோரான மூத்தவரின் கற்குவியலில், கடந்து போகிறவர்கள் கல் வைத்துக் கும்பிடும் வழக்கப்படி எனக்கு ஒரு கல்லும் உனக்கு ஒரு கல்லும் வைத்தேன். "இது கெர்சன் பேர்ல. பாவம், வேலை ஜாஸ்தி" என்று சொல்லியிருக்கிறேன். எத்தனை நாள்தான் உனக்காக நான் பொய் சொல்வது? நீயே வந்து உன் கையால் வை.

ஹிஸ்கியா தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக் கல் சுவர் எழுப்புகிறார். அரைச் சுவர் எழும்பியிருக்கிறது, முழுப் பெருமை வந்துவிட்டது.

உன் அக்கா
அல்வினா


ஸ்வாகோப்முண்ட்
ஜூன் 20, 2001

அன்பு அக்காவுக்கு,

நான் சுகம். நெஞ்சும் சுகம், கழுத்தில் துணியும் இருக்கிறது. உன் இருமல் திரும்பி வராமல் இருக்கட்டும். மச்சானிடம் சொல், மந்திரிக்கு வணக்கம் வைக்கப் பழகிக்கொள்ளட்டும்.

என் வேலையைக் கிண்டல் செய்கிறாய். கேள். மற்ற கம்பெனிக்காரர்கள் தங்கிப் போன இடத்தைப் பார்த்தால் உனக்குக் குமட்டும். கரி, தகர டப்பா, காகிதம், ஆற்றங்கரையின் பட்ட மரத்தையெல்லாம் வெட்டி எரித்த மிச்சம். என் கூட்டத்தில் அதெல்லாம் நடக்காது. விறகு ஊரிலிருந்து கொண்டு போகிறோம். தரையில் தீ மூட்டுவதில்லை, இரும்புத் தட்டில்தான். சாம்பல் டப்பாவில் திரும்பி வருகிறது. இன்னொன்றும் திரும்பி வருகிறது, சிரிக்காதே, அதற்கும் மூடி போட்ட பெட்டி இருக்கிறது. ஒரு கல்லைக்கூடப் புரட்டக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுவேன், கல்லுக்கடியில் தேளும் பல்லியும் குடியிருக்கின்றனவே. கிளம்பும்போது மரக்கிளையால் காலடித் தடத்தையும் நானே கூட்டிவிடுவேன். போன தடவை ஒரு ஜெர்மன் பெரியவர் ஆப்பிள் காம்பைத் தூக்கி எறிந்தார். டார்ச்சைக் கையில் கொடுத்துத் தேட வைத்தேன். மனிதர் முட்டி போட்டுத் தேடி எடுத்தார். கடைசியில் கையைப் பிடித்து நன்றியும் சொன்னார்.

முதலாளிக்கு என்மேல் மதிப்பு. புதுத் தடம் ஒன்றை என் பொறுப்பில் விட்டிருக்கிறார். இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்றுலாக் கூட்டம். எங்கே தங்குகிறோம் என்பதை உனக்குக்கூடச் சொல்லக் கூடாது; மற்றவர்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். பக்கத்திலேயே தண்ணீர், சுற்றிலும் கறுப்புப் பாறை, கண்ணுக்கெட்டிய தூரம் மனித வாடை இல்லை. முதல் இரவு எல்லோரும் விடிய விடிய நட்சத்திரம் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்கள். அப்படியொரு அமைதி. ஒரு மிருகம்கூட எங்கள் பக்கம் வரவில்லை.

உங்கள் பக்கமாகத்தான் வந்தேன். வீட்டுக்கு எட்டிப் பார்க்க நேரமில்லை. கோபித்துக்கொள்ளாதே.

தம்பி
கெர்சன்


அரோகாஸ்
ஜூலை 15, 2001

தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, தூக்கம்தான் கெட்டுப்போனது. நீயாவது நன்றாகத் தூங்கு.

இங்கே நடக்காதது நடந்துவிட்டது. யானைகள் தொட்டிக்கு வந்துவிட்டன. நம் அப்பா காலத்திலிருந்து இந்த ஊருக்குள் யானை கால் வைத்ததில்லை. நாய்கள் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டன. நான் ஹிஸ்கியாவை உலுக்கி, "யாரோ வந்திருக்காங்க, எழுந்திரிங்க" என்றேன். அவர் ஜன்னலில் பார்த்துவிட்டு, "யாரோ இல்லடி, குடும்பத்தோட வந்திருக்காங்க" என்றார். பானையைத் தட்டினோம், கத்தினோம். அவை நகரவில்லை. ஓட்டைக்காது சுவரின் மேல்வரிசைக் கல்லை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுத் தும்பிக்கையை நீட்டிக் குடித்தாள். குட்டி அவள் காலுக்கடியில் நின்று அழுதது. குழாயும் உடைந்தது. மறுநாள் ஊரில் பாதிப் பேருக்குத் தண்ணீர் இல்லை.

ஒரு தடவை என்றால் போகட்டும் என்று விடலாம். மறுபடியும் வந்துவிட்டன. ஆனிகாம்ஸில் தண்ணீர் இருக்கிறது, கெர்சன். என் ஆடுகள் பகலில் குடித்துவிட்டுத்தான் வருகின்றன. ராத்திரியில் குடிக்க அவற்றுக்கு என்ன கேடு? தண்ணீரை விட்டுவிட்டு இத்தனை தூரம், அதுவும் பால் குடிக்கும் குட்டியை இழுத்துக்கொண்டு, ஒரு தாய் ஏன் வரவேண்டும்? நம் ஊர் வனவிலங்குக் காப்பகக் குழுத் தலைவர் சிமியோனுக்கும் புரியவில்லை. நீ அந்த மிருகங்களைப் பற்றிப் படித்துப் பரீட்சை எழுதியவன். உனக்கு என்ன தோன்றுகிறது?

ஹிஸ்கியா சுவரை மறுபடி கட்டுகிறார். திட்டிக்கொண்டே கட்டுவதால் வேகமாக எழும்புகிறது.

அக்கா
அல்வினா


ஸ்வாகோப்முண்ட்
ஜூலை 20, 2001

அக்காவுக்கு,

இங்கு நலம். அங்கு எல்லோரும் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதே என் கவலை.

வறட்சிக் காலத்தில் யானைகளின் போக்கை யாராலும் கணிக்க முடியாது. லாரியில் ஒரு டப்பா மிளகாய்த் தூள் அனுப்புகிறேன். காய்ந்த சாணத்தோடு கலந்து, காற்று வரும் பக்கத்தில் புகையவிடுங்கள். அந்த நெடி அவற்றுக்கு ஆகாது. மச்சானுக்கு இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறையும் வைத்திருக்கிறேன். ராத்திரியில் அவரை வெளியே போகவிடாதே. சுவர் போனால் போகட்டும்.

ஒரு விஷயம் மட்டும் எழுது. அவை வந்தது எந்தெந்த இரவு? உனக்கு நினைவிருக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன்.

தம்பி
கெர்சன்


கோரிக்சாஸ்
ஆகஸ்ட் 26, 2001

தம்பிக்கு,

இதை ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதறாதே, உயிருக்கு ஆபத்தில்லை. ஹிஸ்கியாவின் இடுப்பெலும்பு உடைந்துவிட்டது.

உன் மிளகாய்ப் புகை ஒரு தடவை வேலை செய்தது. அடுத்த தடவை காற்று எங்கள் பக்கமே திரும்பிவிட்டது. யானைகள் குடித்தன, நாங்கள்தான் இருமினோம். அந்தக் கோபத்தில் இவர் கட்டையை எடுத்துக்கொண்டு சுவருக்குப் பின்னால் போய் நின்றார். "என் சுவரு! நான் கட்டினது! போங்க அந்தப் பக்கம்!" என்று கத்தினார். ஓட்டைக்காது அவரைத் தொடவே இல்லை, அதை நான் யார் முன்னாலும் சொல்வேன். அவள் நெற்றியைச் சுவரில் வைத்துத் தள்ளினாள், சுவர் இவர்மேல் சரிந்தது. அவர் அலறியதும் அவள் பின்வாங்கிவிட்டாள். இனி ஆடு மேய்க்க முடியாது, ஊன்றுகோலோடு நடந்தால் அதுவே பெரிது என்று டாக்டர் சொல்கிறார். இதை இன்னும் இவரிடம் சொல்லவில்லை. இவரோ ஆஸ்பத்திரிக் களியில் உப்பில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்.

நீ எந்தெந்த இரவு என்று கேட்டிருந்தாய். முதல் தடவை, ஜூன் மாதம் லாரி வந்துபோன மறுநாள். அடுத்தது பாதிரியார் வந்திருந்த வெள்ளிக்கிழமை. அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, ஏதோ முறை வைத்ததுபோல. இவர் விழுந்தது ஆகஸ்ட் பத்து, வெள்ளிக்கிழமை.

மறுநாள் இவரை இங்கே சேர்த்துவிட்டுப் போய் ஊற்றைப் பார்த்தேன். தண்ணீர் தெளிவாக இருந்தது. இடமும் சுத்தமாக இருந்தது. பெருக்கிய வாசல்போல, ஒரு குருவித் தடம்கூட இல்லாத சுத்தம். கற்குவியலில் என் கல்லை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஓட்டைக்காதை என்ன செய்வது என்று முடிவெடுக்கக் கூட்டம் போடப் போகிறார்கள். ஆள் அடிபட்டுவிட்டதல்லவா.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
அல்வினா


ஸ்வாகோப்முண்ட்
செப்டம்பர் 24, 2001

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து வெகுநாளாகிறது. பதில் எழுதவில்லை என்று திட்டு, தகும். மச்சான் எழுந்து உட்காருகிறாரா? வலி எப்படி இருக்கிறது? லாரியில் எண்ணெயும் ஒரு ஊன்றுகோலும் அனுப்பியிருக்கிறேன். நல்ல மரம். பிடி மட்டும் வழுவழுப்பு, துணி சுற்றிக்கொள்ளட்டும்.

நேரில் வரத்தான் நினைத்தேன். பருவம் முடியாமல் முதலாளி விடமாட்டார். நான் பொறுப்பேற்ற அந்தத் தடத்தை மாற்றச் சொல்லிவிட்டேன், இப்போது தெற்கே போகிறோம். முதலாளி காரணம் கேட்டார். ரோடு மோசம் என்றேன்.

ஓட்டைக்காதைச் சுட விடாதே, அக்கா. அவள் கெட்ட யானை இல்லை. அவளுக்குத் தாகம், அவ்வளவுதான். குட்டிக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. நீ சொன்னால் ஊர் கேட்கும், அடிபட்டது உன் வீட்டுக்காரர் அல்லவா? கூட்டத்தில் எழுந்து நீயே பேசு. தேதி என்றைக்கு என்று எழுது.

நான் சரியாகத் தூங்குவதில்லை. கடற்பனிதான்.

தம்பி
கெர்சன்


அரோகாஸ்
அக்டோபர் 4, 2001

தம்பிக்கு,

ஹிஸ்கியாவை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். உன் ஊன்றுகோலில் ஏழடி நடந்துவிட்டு, "இதுல நடக்குறதவிட யானை மேலயே ஏறிப் போகலாம்" என்றார். அன்று சாயங்காலம் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார். திருமணமான நாளிலிருந்து இவர் அழுது நான் பார்த்ததில்லை. உனக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஒரு ஆச்சரியம் சொல்கிறேன். செப்டம்பர் தொடக்கத்திலிருந்து யானைகள் தொட்டிப் பக்கம் வரவே இல்லை. காலையில் ஊற்றுக்குப் போனால் புது லத்தி கிடக்கிறது, குட்டித் தடமும் இருக்கிறது. பழையபடி ராத்திரியில் அங்கேயே குடிக்கின்றன.

இதைச் சிமியோனிடம் சொன்னேன். அவர் தாடியைச் சொறிந்துகொண்டு, "சரி அல்வினா, இப்ப வரல. அப்ப ஏன் வந்துச்சு? காரணம் தெரிஞ்சா காரணத்தைச் சரிபண்ணிக்கலாம், வனத்துறைக்கும் அப்படியே எழுதிடலாம். ஒரு காரணமும் இல்லாம வந்துச்சுன்னா ஊருத் தண்ணி ருசி கண்ட யானைன்னுதான் எழுதணும். நாளைக்கு மறுபடி வரும், வேறொருத்தன் விழுவான்" என்றார். அவர் சொல்வதில் தப்பில்லை.

கூட்டம் அக்டோபர் 27, சனிக்கிழமை, பள்ளிக்கூடத்து மரத்தடியில். யாருக்காவது ஏதாவது தெரிந்தால் நேரில் வந்து சொல்லலாம், வரமுடியாதவர்கள் எழுதி அனுப்பலாம், சபையில் வாசிக்கிறேன் என்று சிமியோன் சொல்லியிருக்கிறார்.

நீ எழுதி அனுப்பு, கெர்சன். கூட்டத்துக்கு முன் லாரி ஒரு தடவை வரும்.

அக்கா
அல்வினா


ஸ்வாகோப்முண்ட்
அக்டோபர் 20, 2001

அக்காவுக்கு,

எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். மச்சானிடம் என் அன்பைச் சொல்.

சிமியோன் பெரியவருக்கு எழுதிய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். நான்கு பக்கம். வறட்சியில் யானைகள் எப்படி வழி மாறும், தாய் யானை போனால் கூட்டம் எப்படிச் சிதறும் என்றெல்லாம் விவரமாக எழுதியிருக்கிறேன். சபையில் உரக்க வாசிக்கச் சொல்.

வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை. ஜனவரியில் எனக்கு லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும். முதலாளியின் நற்சான்று இல்லாமல் கிடைக்காது. இந்த வேலை போனால் எனக்கு வேறு என்ன தெரியும், சொல்?

தம்பி
கெர்சன்


அரோகாஸ்
நவம்பர் 18, 2001

தம்பிக்கு,

எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். வெயில் கடுமை. நீ நலம்தானே?

உன் நான்கு பக்கத்தையும் சிமியோன் வாசித்தார். இரண்டாம் பக்கத்திலேயே பின்னாலிருந்து யாரோ, "யானை எப்படி நடக்கும்னு நமக்கே பாடம் எடுக்குறான் பாரு" என்றார்கள். சிரிப்பு எழுந்தது. சிமியோன் அதட்டிவிட்டுக் கடைசி வரை வாசித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "எல்லாம் சரிதான். ஆனா ஏன் வந்துச்சுன்னு இதுல இல்லையே" என்றார். பிறகு சபையைப் பார்த்து, "வேற யாருக்காச்சும் ஏதாச்சும் தெரியுமா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். நான் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பிறகு சிமியோன் நோட்டை மூடினார்.

வனத்துறை அனுமதி கொடுத்துவிட்டது. ஓட்டைக்காதைப் போன செவ்வாய்க்கிழமை சுட்டார்கள், ஆனிகாம்ஸுக்குப் போகும் வழியில். இரண்டு குண்டு. அவள் விழுந்த பிறகும் குட்டி அவள் வயிற்றடியில் முட்டி முட்டிப் பால் தேடியது. ஆட்கள் கல்லெறிந்து விரட்ட வேண்டியிருந்தது. நான் அதைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. போய்ப் பார்த்தேன்.

இறைச்சியை வீட்டுக்கு வீடு பங்கு வைத்தார்கள். அடிபட்ட வீடு என்று எங்களுக்கு ஒரு பங்கு கூடுதல். கீறி, உப்புப் போட்டு, கம்பியில் காயவிட்டேன். நம் குடும்பத்தில் நீயும் ஒரு ஆள்தானே. உன் பங்கை ஒரு துணியில் கட்டி இதோடு அனுப்புகிறேன்.

அக்கா
அல்வினா


ஸ்வாகோப்முண்ட்
டிசம்பர் 2, 2001

அக்காவுக்கு,

சுகம் விசாரிக்க எனக்குத் தகுதியில்லை. ஆனாலும் கேட்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? மச்சானுக்கு வலி குறைந்ததா?

துணி மூட்டை மேஜைமேல் இருக்கிறது. வந்த அன்றைக்கு அவிழ்த்தேன், பிறகு கட்டிவிட்டேன். அறை முழுக்க அந்த வாடை. ஜன்னலைத் திறந்தாலும் போகவில்லை.

நான்தான், அக்கா. நாங்கள் தங்கியது ஆனிகாம்ஸில். நீ எழுதிய ஒவ்வொரு இரவும் எங்கள் கூடாரங்கள் ஊற்றின் கரையில்தான் நின்றன; உன் ஆடுகள் வருவதற்கு முன், விடியும்போதே கழற்றிக்கொண்டு கிளம்பிவிடுவோம். ஆகஸ்ட் பத்தாம் தேதி, மச்சான் சுவருக்கடியில் கிடந்த நேரத்தில், நான் அங்கே விருந்தினருக்கு நட்சத்திரம் காட்டிக்கொண்டிருந்தேன். மிருகங்கள் ஏன் வரவில்லை என்று ஒரு அம்மா கேட்டார். "நாம சத்தம் போடலையே, நம்மளை அதுங்க கண்டுக்கவே இல்ல" என்று நான் பெருமையாகச் சொன்னேன். அந்த நேரத்தில் பாறைகளுக்குப் பின்னால் அவை எங்கள் வாடையைப் பிடித்தபடி நின்றிருக்கும். எவ்வளவு நேரம் நின்றனவோ. பிறகு உங்கள் தொட்டியை நோக்கித் திரும்பியிருக்கும்.

அப்பா சொன்னது எனக்கு மறக்கவில்லை. பகல் நமக்கு, இரவு அவற்றுக்கு. ஆனால் முதலாளி தண்ணீரும் தனிமையும் உள்ள இடமாகக் கேட்டார், எனக்கு வேறு இடம் தெரியவில்லை. குப்பை போடாமல், தீத் தடம் விடாமல், காலடியைக்கூடக் கூட்டிவிட்டு வந்தால் போதும், நாங்கள் வந்ததே அந்த இடத்துக்குத் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தடம் இல்லாவிட்டால் தப்பும் இல்லை என்று நினைத்தேன். நாங்கள் அங்கே இருந்ததே தப்பு என்று உறைக்கவில்லை.

ஜூலையில் நீ எழுதியபோதே சந்தேகம் வந்தது. இரவுகளை நீ எழுதியதும் சந்தேகமும் போய்விட்டது. அதன் பிறகும் நான்கு பக்கம் பொய் எழுதி அனுப்பினேன். ஒரு வரி எழுதியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். அந்த ஒரு வரியை எழுத எனக்குத் தைரியம் இல்லை. லைசென்ஸை நினைத்தேன். உன் முகத்தையும் நினைத்தேன்.

முதலாளியிடம் நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "யாரும் கேக்கலையே, நீயா ஏன் வாயைக் குடுக்கிற?" என்றார். சிமியோனுக்கும் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், இந்தத் தடவை அரைப் பக்கம்தான். சபையில் வாசிக்கச் சொல். மச்சானிடம் நீயே சொல்லிவிடு, எனக்கு வாய் வராது.

நீ என்னை இனி தம்பி என்று கூப்பிடாவிட்டாலும் அது நியாயம்தான்.

கெர்சன்


அரோகாஸ்
டிசம்பர் 14, 2001

என் தம்பி கெர்சனுக்கு,

நாங்கள் நலம். தூறல் போட்டது. ஒரு வெள்ளாடு இரட்டைக் குட்டி போட்டிருக்கிறது.

எனக்குத் தெரியும். ஆகஸ்ட் மாதமே தெரியும்.

ஹிஸ்கியாவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு ஊற்றுக்குப் போனேன் என்று எழுதினேன் அல்லவா? ஆடுகளின் பின்னால் ஓடியதில் அதுவரை என் கண்ணில் படாத வெள்ளைக் கற்களை அன்று கற்குவியலில் பார்த்தேன். நம் பக்கத்தில் எல்லாம் கறுப்புக் கல். வெள்ளைக் கல் வேண்டுமென்றால் கடற்கரை ரோடு வரை போக வேண்டும். ஒரு கல்லையும் புரட்டக் கூடாது என்று விருந்தாளிகளுக்குச் சொல்கிறவன், மூத்தவருக்கு வைக்கக் கல்லைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான் என்று புரிந்தது. வழிப்போக்கர்களுக்கு அந்தக் குவியல் ஏதென்று தெரியாது. கல் வைக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க நம் ஆள் ஒருவன் வேண்டும். எல்லாத் தடத்தையும் கூட்டினாய், அதை மட்டும் விட்டுவிட்டாய். அதைத் தடம் என்று நீ நினைக்கவே இல்லை.

அந்தக் கற்களைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். என் தம்பி மூத்தவரை மறக்கவில்லை, அந்நியர்களையும் கும்பிட வைத்திருக்கிறான் என்று. எலும்பு உடைந்து கிடக்கிற மனிதனின் மனைவி நான், அங்கே நின்று சந்தோஷப்பட்டேன். பிறகுதான் மற்றது உறைத்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நீயே சொல்வாய் என்று காத்திருந்தேன். தேதியை எழுதினேன், லாரி வரும் என்று எழுதினேன். நீ நான்கு பக்கத்தை அனுப்பினாய். சிமியோன் வேறு யாருக்காவது தெரியுமா என்று கேட்டபோது என் கை மடியிலிருந்து எழுந்தது. முழங்கை வரை எழுந்தது. பிறகு சால்வையைச் சரிசெய்வதுபோல இறக்கிவிட்டேன். நான் பேசியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள், உன் பிழைப்பு போயிருக்கும். நான் உன்னைத் தேர்ந்தெடுத்தேன். உனக்காக மூத்தவரிடம் பொய் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், ஊரிடமும் மூடிக்கொண்டது. ஆகவே உன் அரைப் பக்கத்தில் உன் பெயர் மட்டும் இருப்பது சரியில்லை. சிமியோன் வாசித்து முடித்ததும் நான் எழுந்து என் பங்கையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருக்கலாம்.

ஊற்றைச் சுற்றி எவரும் இரவு தங்கக் கூடாது என்று குழு எழுதி வைத்துவிட்டது. ஊர்க்காரர், வெளியூர்க்காரர் எல்லோருக்கும் பொது. ரோடு பிரியும் இடத்தில் பலகையும் நடப் போகிறார்கள். இதுவரை எழுதி வைக்காமலே நடந்துகொண்டிருந்தது.

ஹிஸ்கியாவிடம் சொன்னேன். அன்று வைத்த களியை ஒரு குறையும் சொல்லாமல் தின்றார். மறுநாள் காலை டீயை உறிஞ்சிவிட்டு, "அவனை வரச் சொல்லு. சுவரை அவனே கட்டட்டும். நான் நாற்காலியைப் போட்டு உக்காந்து, இது கோணல் அது கோணல்னு சொல்றேன்" என்றார். மன்னித்துவிட்டார் என்று நினைக்காதே. நாற்காலியை உண்மையிலேயே வெளியே எடுத்துப் போட்டுவிட்டார்.

குட்டியை அதன் சித்தி சேர்த்துக்கொண்டது. பிழைக்குமா என்று தெரியாது. சாஸர் அளவுத் தடம் இன்னும் தண்ணீர்க் கரையில் தெரிகிறது. அதைத் தேடித்தான் தினமும் போகிறேன். வெள்ளைக் கற்கள் அங்கேயே இருக்கும். வைத்த கல்லை எடுக்கிற வழக்கம் நமக்கில்லை. போகிற வழியில் ஒவ்வொரு நாளும் அவற்றைப் பார்த்துக்கொண்டுதான் நாம் நடக்க வேண்டும்.

உன் பங்கு இறைச்சியைத் தின்றாயா என்று நீ எழுதவில்லை. தின்றிருக்க மாட்டாய். என் பங்கும் கம்பியில் அப்படியேதான் தொங்குகிறது. அதைத் தூக்கி எறிய முடியாது, கெர்சன். நாம் இரண்டு பேரும் வாய் திறக்காததால் செத்தவள். மூட்டையை அவிழ்க்காமல் கொண்டு வா. ஊற வைத்து, வேக வைத்து, களி கிண்டி வைக்கிறேன். நீயும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு துண்டு மிச்சமில்லாமல் தின்போம்.

பொழுது சாய்வதற்குள் வந்து சேர்.

உன் அக்கா
அல்வினா